புதன்கிழமை மதியம் ஒன்றரை மணி: வேல்ஸ் நாடாளுமன்றத்தில் ஒரு நாள்

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸுக்கென்று உள்ள நாடாளுமன்றத்தின் ஒரு நாள் நடவடிக்கையை இணைய நேரலையில் முழுக்க உட்கார்ந்து பார்த்த ஒருவர் கேட்டிருக்கிறார்: காலையில் கூடாமல் மதியம்தான் கூடுகிறார்கள். கேள்விகளை எண் போட்டுக் கேட்கிறார்கள். எந்த அமைச்சரைக் கேட்டாலும் "லண்டனோடு பேசிக்கொண்டிருக்கிறோம்" என்கிறார். நடுவில் யாரோ எழுந்து ஒன்றரை நிமிடம் ஊர்க்காரர் ஒருவரைப் புகழ்ந்துவிட்டு உட்காருகிறார். கடைசியில் தீர்மானமும் தோற்றது, அதற்கு வந்த திருத்தமும் தோற்றது. அப்படியென்றால் அன்றைக்கு முழுக்க நடந்ததுதான் என்ன?

நியாயமான கேள்வி. சில ஆண்டுகள் வேல்ஸின் தலைநகரான கார்டிஃப் பக்கம் இருந்த காலத்தில் அந்த அவையின் பார்வையாளர் மாடத்தில் பல மதியங்களைக் கழித்திருக்கிறேன். முதல் இரண்டு மூன்று முறை எனக்கும் இதே குழப்பம்தான்.

நீங்கள் பார்த்தது புதன்கிழமை. அந்த ஒன்றரை நிமிடப் பேச்சு புதன்கிழமையில்தான் வரும் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். வாரத்தில் செவ்வாய், புதன் என்று இரண்டு நாள்தான் முழு அவை கூடும். செவ்வாய் அரசாங்கத்தின் நாள்: முதலமைச்சரிடம் முக்கால் மணி நேரம் போலக் கேள்விகள், அப்புறம் அமைச்சர்களின் அறிக்கைகள், சட்ட முன்வரைவுகள், ஒழுங்குவிதிகள். செய்தியில் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்தச் செவ்வாய்தான். புதன்கிழமை மற்றவர்களின் நாள். துறை அமைச்சர்கள் முறை வைத்துப் பதில் சொல்வது, குழு அறிக்கைகள் மீதான விவாதம், எதிர்க்கட்சிகள் கொண்டுவரும் தீர்மானங்கள், தனி உறுப்பினர்களின் யோசனைகள் எல்லாம் அன்றைக்குத்தான். எனக்குப் பிடித்ததும் புதன்தான். செவ்வாயில் நாடகம் அதிகம், புதனில் விஷயம் அதிகம்.

மதியம் கூடுவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, ஆள் பற்றாக்குறை. 1999இல் முதல் தேர்தல் நடந்ததிலிருந்து கால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்த அவைக்கு 60 உறுப்பினர்கள்தான் இருந்தார்கள். ஏறத்தாழ 31 லட்சம் பேர் உள்ள நாட்டுக்கு அது போதாதா என்று தோன்றும். ஆனால் அமைச்சர்களையும் அவைத்தலைவரையும் துணைத்தலைவரையும் கழித்துவிட்டால், அரசாங்கத்தைக் கேள்வி கேட்க நாற்பத்துச் சொச்சம் பேர்தான் மிஞ்சினார்கள். அவர்களே சுகாதாரக் குழு, நிதிக் குழு, மனுக்கள் குழு என்று எல்லாவற்றிலும் உட்கார வேண்டியிருந்தது. குழுக்கள் காலையில் கூடும். அங்கே சாட்சிகளை விசாரித்துவிட்டு, அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு அவைக்கு வருவார்கள். இந்தத் தட்டுப்பாட்டைப் போக்கத்தான் 2024இல் ஒரு சட்டம் நிறைவேற்றி, 2026 மே தேர்தலிலிருந்து உறுப்பினர் எண்ணிக்கையை 96 ஆக்கினார்கள். 16 தொகுதிகள், தொகுதிக்கு ஆறு பேர்.

சரி, கட்டடத்துக்குள் போவோம். அவைக்கும் கட்டடத்துக்கும் பெயர் ஒன்றுதான், செனெத். கார்டிஃப் வளைகுடாவின் ஓரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் வேல்ஸின் பள்ளத்தாக்குகளிலிருந்து வந்த நிலக்கரி உலகத்துக்கெல்லாம் கப்பலேறிய துறைமுகம் அது. ரிச்சர்ட் ராஜர்ஸ் வடிவமைத்த கட்டடம், 2006 மார்ச் 1 அன்று, அதாவது வேல்ஸின் காவல் புனிதர் தாவீதின் திருநாளில், திறக்கப்பட்டது. உள்ளே நடுக்கூடத்தில் மரத்தாலான பெரிய புனல் ஒன்று கூரையிலிருந்து இறங்கி வரும். அதற்கு நேர் கீழே வட்டமாக அவை. பார்வையாளர்கள் மேலே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து உறுப்பினர்களின் தலைகளைக் குனிந்து பார்க்க வேண்டும். மக்கள் மேலே, ஆள்பவர்கள் கீழே என்பதுதான் பொருள் என்று சுற்றிக் காட்டுபவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அங்கிருந்து தெரிந்தது, யார் கணினியில் மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கணினி உண்டு.

அவைத்தலைவரை வேல்ஷ் மொழியில் 'ல்லவித்' என்பார்கள். தமிழில் எழுதினால் ஏதோ எளிதாகத் தெரிகிறது. அந்த முதல் எழுத்து, நாக்கை லகரத்துக்கு வைத்துக்கொண்டு பக்கவாட்டில் காற்றை ஊதுகிற ஒலி. ழகரம் வராதவர்களைப் பார்த்துச் சிரிக்கிற நாம் அங்கே வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. உறுப்பினர்கள் வேல்ஷ், ஆங்கிலம் இரண்டில் எதிலும் பேசலாம். ஒருவர் வேல்ஷில் தொடங்கியதும் பாதிப் பேர் காதுக்கருவியை மாட்டிக்கொள்வார்கள். வேல்ஷிலிருந்து ஆங்கிலத்துக்குத்தான் உடனடி மொழிபெயர்ப்பு. மறுபக்கம் தேவையில்லை, ஏனென்றால் ஆங்கிலம் தெரியாத உறுப்பினர் கிடையாது. அதனால் வேல்ஷில் யாராவது நகைச்சுவையாக ஏதும் சொன்னால் சிரிப்பு இரண்டு தவணையாக வரும். மொழி தெரிந்தவர்கள் முதலில், காதுக்கருவிக்காரர்கள் இரண்டு வினாடி கழித்து.

இனி கேள்விகள். கேள்வி கேட்க விரும்பும் உறுப்பினர் சில நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். குலுக்கலில் வரிசை எண் விழும். அவையில் அவர் தன் கேள்வியை எழுதியபடியே படிப்பார், அமைச்சர் தயாராக வைத்திருக்கும் இரண்டு வரிப் பதிலைப் படிப்பார். இந்த இரண்டும் வெறும் சடங்கு. அதற்கு அடுத்து, அதே உறுப்பினர் கேட்கும் துணைக்கேள்விதான் உண்மையான கேள்வி. அதை முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அவர் முடித்ததும் வேறு கட்சிக்காரர்களும் அதே பொருளில் நுழைவார்கள். இரண்டாம் எண் கேள்வி முடிந்த பிறகு வரிசை நின்றுவிடும். செவ்வாய் என்றால் கட்சித் தலைவர்களும், புதன் என்றால் அந்தந்தத் துறைக்கான கட்சிப் பேச்சாளர்களும் முன்னறிவிப்பு இல்லாமல் ஆளுக்கு மூன்று கேள்வி வரை கேட்பார்கள். அதன் பிறகு மூன்றாம் எண்ணிலிருந்து மறுபடி தொடரும். நேரம் தீர்ந்து, எட்டாத கேள்விகளுக்கு எழுத்தில் பதில் போகும். நீங்கள் எண் போட்டுக் கேட்டதாகச் சொன்னது இதைத்தான்.

இப்போது "லண்டனோடு பேசிக்கொண்டிருக்கிறோம்" விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் மையமே இதுதான் என்று நினைக்கிறேன்.

விதிப்படி அமைச்சரிடம் அவருடைய பொறுப்பில் உள்ளதைப் பற்றித்தான் கேட்க முடியும். சுகாதாரம், பள்ளிக்கல்வி, உள்ளாட்சி, வீட்டுவசதி, வேளாண்மை, சுற்றுச்சூழல், வேல்ஷ் மொழி எல்லாம் கார்டிஃபின், அதாவது வேல்ஸ் அரசாங்கத்தின், பொறுப்பு. காவல்துறை, நீதிமன்றங்கள், பாதுகாப்பு, குடியேற்றம், ஒளிபரப்பு, நலத்தொகைகளில் பெரும்பகுதி எல்லாம் லண்டனின், அதாவது பிரிட்டன் அரசாங்கத்தின், பொறுப்பு. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி லண்டனுக்கு ஒதுக்கப்பட்டவை ஒரு பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் இல்லாததெல்லாம் வேல்ஸுக்கு. நம் அரசமைப்பில் எந்தப் பட்டியலிலும் வராதது டெல்லிக்குப் போகும். அங்கே எந்தப் பட்டியலிலும் வராதது கார்டிஃபுக்கு வரும். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஊரில் ஒருவருக்கு வரும் தொல்லை பட்டியலைப் பார்த்து வருவதில்லை. தெருவில் கத்திக்குத்து நடந்தால் அது காவல்துறை, லண்டன். குத்தியவன் பதினான்கு வயதுப் பையன் என்றால் அவனுடைய பள்ளிக்கூடம், இளைஞர் மையம், மனநல மருத்துவம் எல்லாம் கார்டிஃப்.

எனவே உறுப்பினர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். காவல்துறை பற்றி முதலமைச்சரிடம் நேரடியாகக் கேட்க முடியாதா? சரி, "வடக்கு வேல்ஸில் காவலர் எண்ணிக்கை குறித்து முதலமைச்சர் பிரிட்டன் அரசாங்கத்தோடு என்ன பேச்சு நடத்தினார்?" என்று கேட்பார்கள். பேச்சு நடத்துவது அவருடைய பொறுப்புதானே! கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தால் இந்த அச்சில் வார்த்த கேள்விகள் ஒவ்வொரு வாரமும் இருக்கும். பதிலும் அதே அச்சில்தான் வரும். நீங்கள் கேட்டுச் சலித்தது அதுதான். அதை நழுவல் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதியைத் தவறவிடுவீர்கள். அதிகாரத்தின் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது, அதை யார் எந்தப் பக்கம் நகர்த்தப் பார்க்கிறார்கள் என்பதுதான் அந்த அவையில் நடக்கும் உண்மையான வழக்கு. பொருள் எதுவானாலும் அதோடு "இது யார் பொறுப்பு" என்ற இரண்டாவது கேள்வி ஒட்டிக்கொண்டே வரும்.

நிலக்கரிக் கழிவு மேடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்திலிருந்து நிலக்கரியைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கல்லையும் சேற்றையும் மலைச்சரிவுகளில் கொட்டி வைத்திருக்கிறார்கள். வேல்ஸில் இப்படி 2,500க்கும் மேற்பட்ட மேடுகள். 1966 அக்டோபர் 21 காலை, அபர்வான் என்ற சிற்றூருக்கு மேலே இருந்த ஒரு மேடு மழையில் நகர்ந்து பள்ளிக்கூடத்தின் மேல் இறங்கியது. இறந்தவர்கள் 144 பேர், அதில் 116 பேர் குழந்தைகள். அதன் பின் நடந்தது இன்னும் கொடுமை. மிச்ச மேடுகளை அப்புறப்படுத்தும் செலவில் 1,50,000 பவுண்டை, மக்கள் அந்தக் குடும்பங்களுக்கென்று சேர்த்த நிவாரண நிதியிலிருந்தே எடுத்தார்கள். 1997இல் லண்டன் அந்தப் பணத்தை வட்டி இல்லாமல் திருப்பிக் கொடுத்தது. பத்தாண்டு கழித்து, 2007இல், வேல்ஸ் அரசாங்கம் 20 லட்சம் பவுண்டு கொடுத்தது. பழி யாருடையது என்பதும், கணக்கைத் தீர்த்தது யார் என்பதும் அந்த ஊருக்குத் தெரியும்.

2020 பிப்ரவரியில் புயல் மழையின்போது டைலர்ஸ்டவுன் என்ற ஊரில் ஒரு பழைய மேடு சரிந்து ஆற்றில் விழுந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவையில் இது ஓயாத கேள்வி ஆனது. மேடுகளைக் கண்காணிப்பது சுற்றுச்சூழல், ஆகவே கார்டிஃபின் பொறுப்பு. ஆனால் அந்த நிலக்கரியைத் தோண்டி எடுத்து, விற்று, லாபம் பார்த்து முடித்தபோது கார்டிஃபில் இப்படி ஒரு அவையே கிடையாது. அப்படியிருக்க, பராமரிப்புச் செலவை மட்டும் ஏன் வேல்ஸின் பள்ளிக்கூடப் பணத்திலும் மருத்துவமனைப் பணத்திலும் எடுக்க வேண்டும்? தொழிற்கட்சிக்காரரும் ப்ளைட் கம்ரி என்ற தேசியவாதக் கட்சிக்காரரும் இதையே வெவ்வேறு சூட்டில் கேட்டார்கள். பலன் இல்லாமல் போகவில்லை. 2025இல் லண்டன் 11.8 கோடி பவுண்டு ஒதுக்கியது. அதே ஆண்டு, மேடுகளைக் கண்காணிக்கத் தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தும் சட்டத்தை செனெத் நிறைவேற்றியது. நிலக்கரி ஏற்றிய துறைமுகத்தின் கரையில் உட்கார்ந்து, நிலக்கரி விட்டுப்போன மண்ணைப் பற்றி ஐந்தாண்டு வாதாடியிருக்கிறார்கள்.

போர்ட் டால்பட் உருக்காலையும் இதே கதைதான், ஆனால் முடிவு வேறு. கடைசி ஊதுலை 2024 செப்டம்பர் 30 அன்று அணைந்தது. அவையில் எத்தனையோ விவாதம் நடந்தது, அவசரக் கேள்விகள் வந்தன. ஆனால் அதற்குப் பதிலாக வரும், மின்சாரத்தில் உருக்கும் மின்வில் உலைக்கான 50 கோடி பவுண்டு உதவி லண்டனுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பேச்சு. வேலை இழந்தவர்களுக்கு மறுபயிற்சி தருவதுதான் கார்டிஃபின் கைக்கு வந்தது. ரயில் பாதைகளைப் பற்றியும் இப்படித்தான். லண்டனிலிருந்து பர்மிங்காம் பக்கம் போகும் அதிவேக ரயில் பாதையில் ஒரு அங்குலம்கூட வேல்ஸுக்குள் வராது. ஆனாலும் அது "இங்கிலாந்து மற்றும் வேல்ஸ் திட்டம்" என்று வகைப்படுத்தப்பட்டிருப்பதால், அந்தச் செலவுக்கு ஈடாக ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் கிடைத்த நிதிப் பங்கு வேல்ஸுக்குக் கிடைக்கவில்லை. அவையில் எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் முனகும் அபூர்வமான விஷயம் இது.

துறைக் கேள்விகள் முடிந்ததும் அன்றன்றைக்கு எழும் கேள்விகள் வரும். நேற்று ஒரு தொழிற்சாலை மூடுவதாக அறிவித்திருந்தால், இன்று காலை ஒரு மருத்துவமனை அறிக்கை வந்திருந்தால், அதைப் பற்றி. இதில் குலுக்கல் இல்லை. அவைத்தலைவர் பார்த்து எடுப்பார்.

அப்புறம்தான் நீங்கள் வியந்த அந்த ஒன்றரை நிமிடம். இதற்குப் பெயரே "90 வினாடிக் கூற்றுகள்". மூன்று நான்கு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசுவார்கள். ஊர் ரக்பி சங்கத்துக்கு நூறு வயது, ஒரு பாடகர் குழு வெளிநாட்டில் பரிசு வாங்கியது, பழைய சுரங்க விபத்து ஒன்றின் நினைவுநாள், போன வாரம் காலமான ஆசிரியர். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், வாக்கெடுப்பும் இல்லை. முதலில் எனக்கு இது நேரத்தை வீணடிப்பதாகத் தோன்றியது. ஒரு நாள் என் பக்கத்தில், மாடத்தில், முதியவர்கள் ஏழெட்டுப் பேர் நல்ல உடுப்பு உடுத்தி வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய பாடகர் குழுவின் பெயரை உறுப்பினர் சொன்னதும் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது, எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார்கள். அன்று அமைச்சர்கள் சொன்ன எதுவும் எனக்கு நினைவில்லை.

குழு அறிக்கை விவாதங்களை வேகமாகக் கடக்கிறேன். முக்கியமானவைதான், ஆனால் பார்க்கச் சுவாரசியம் கிடையாது. மனுக்கள் மட்டும் விதிவிலக்கு. 250 பேர் கையெழுத்திட்டால் மனுக்கள் குழு எடுத்துப் பார்க்கும், 10,000 தாண்டினால் முழு அவை விவாதத்துக்குப் பரிசீலிக்கும். 2023 செப்டம்பர் 17 அன்று குடியிருப்புத் தெருக்களில் பொதுவான வேக வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாகக் குறைத்தார்கள். அதை எதிர்த்த மனுவில் விழுந்த கையெழுத்து ஏறத்தாழ 4.7 லட்சம். அந்த அவையின் வரலாற்றில் அதற்கு அருகில்கூட வேறெதுவும் வந்ததில்லை. சட்டம் ரத்தாகவில்லை. ஆனால் 2024இல் புதிய போக்குவரத்து அமைச்சர், எந்தச் சாலைகளைத் திரும்ப 30 ஆக்கலாம் என்று உள்ளாட்சிகள் முடிவெடுக்க வழிகாட்டுதலைத் தளர்த்தினார். மனு கொடுத்தவர்களுக்கு அது தோல்வி, அரசாங்கத்துக்கு அது பின்வாங்கல். இரண்டும் சரிதான்.

இனி அந்த விசித்திரமான வாக்கெடுப்பு. எதிர்க்கட்சிக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு கட்சி தீர்மானம் கொண்டுவரும். "இந்த அவை, மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல் நீள்வதைக் கண்டு வருந்துகிறது, அரசாங்கம் இன்னது செய்ய வேண்டும்" என்கிற மாதிரி. அரசாங்கம் அதற்கு ஒரு திருத்தம் கொடுக்கும். கேட்டால் சிரிப்பீர்கள். "முழுவதையும் நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாகப் பின்வருவதைச் சேர்க்கவும்" என்பதுதான் திருத்தம்! பின்வருவது, அரசாங்கம் எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பது. மணிக்கணக்கில் பேசிவிட்டு மாலையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாக்கெடுப்பு. முதலில் திருத்தம் இல்லாத மூலத் தீர்மானம், அது தோற்றால் திருத்தங்கள், கடைசியில் திருத்திய தீர்மானம்.

நீங்கள் பார்த்தது 2021 தேர்தலில் அமைந்த அவையாக இருக்க வேண்டும். அதில் அரசாங்கம் அமைத்த தொழிற்கட்சிக்கு 30, கன்சர்வேட்டிவ்களுக்கு 16, ப்ளைட் கம்ரிக்கு 13, லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 1. சரிபாதி. அப்போதைய அவைத்தலைவர் எலின் ஜோன்ஸ் ப்ளைட் கம்ரியிலிருந்து வந்தவர், துணைத்தலைவர் டேவிட் ரீஸ் தொழிற்கட்சியிலிருந்து. அந்தப் பதவியில் இருப்பவர்கள் சாதாரணமாக வாக்களிக்க மாட்டார்கள். மிச்சம் 29க்கு 29. சமனானால் அவைத்தலைவர் தன் வாக்கை எதிராகப் போட வேண்டும் என்பது நடைமுறை. எதுவாக இருந்தாலும் எதிராகத்தான். எனவே அந்த அவையில் தீர்மானமும் சமனாகித் தோற்கும், அரசாங்கத்தின் திருத்தமும் சமனாகித் தோற்கும். இரண்டு மணி நேரம் பேசி, கடைசியில் அவை எதையும் சொல்லவில்லை என்று பதிவாகும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இப்படிப்பட்ட கணக்கில் ஒரே ஒருவர் இல்லாவிட்டாலும் தலைகீழாகிவிடும். 2021 அக்டோபர் 5, ஒரு செவ்வாய். கேளிக்கை விடுதிகளுக்கும் பெரிய நிகழ்ச்சிகளுக்கும் கோவிட் சான்று கட்டாயம் என்ற விதிமுறை வாக்கெடுப்புக்கு வந்தது. மூன்று எதிர்க்கட்சிகளும் எதிர்த்தன. பெருந்தொற்றுக் காலம் முதல் உறுப்பினர்கள் தொலைவிலிருந்தும் வாக்களிக்க ஏற்பாடு உண்டு. கன்சர்வேட்டிவ் உறுப்பினர் கேரத் டேவிஸ் அப்போது கட்சி மாநாட்டுக்காக மான்செஸ்டரில் இருந்தார். ஸூம் இணைப்புக் கிடைக்கவில்லை. 28க்கு 27 என்று விதிமுறை நிறைவேறியது. அவர் வாக்கும் விழுந்து 28க்கு 28 ஆகியிருந்தால், நடைமுறைப்படி அவைத்தலைவர் எதிராகப் போட்டு அது செத்திருக்கும். ஒரு நாட்டின் இரவுவாழ்க்கை ஒருவரின் வைஃபையில் தொங்கியிருக்கிறது. அடுத்து 2025 மார்ச்சில் வரவுசெலவுத் திட்டம். லிபரல் டெமாக்ரட் ஜேன் டாட்ஸ், தனக்கு வேண்டியவற்றைப் பேசி வாங்கிக்கொண்டு வாக்களிக்காமல் ஒதுங்கினார். திட்டம் 29க்கு 28 என்று தப்பியது. அவர் கேட்டவற்றில் ஒன்று கிரேஹவுண்டு நாய்ப் பந்தயத் தடை.

எதிர்க்கட்சித் தீர்மானம் நிறைவேறினாலும் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. அப்புறம் எதற்கு என்பீர்கள். 2024 ஜூன் 5ஐப் பாருங்கள், அதுவும் புதன்தான். கன்சர்வேட்டிவ்கள் தங்கள் விவாத நேரத்தில், முதலமைச்சர் வான் கெத்திங் மீது நம்பிக்கை இல்லை என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். அவருடைய கட்சித் தலைமைத் தேர்தலுக்கு வந்த நன்கொடை பற்றிய சர்ச்சை. தொழிற்கட்சி உறுப்பினர்கள் இருவர் உடல்நலக் குறைவால் வரவில்லை. 29க்கு 27 என்று தோற்றார். கட்டுப்படுத்தாத தீர்மானம்தான், பதவியில் தொடர்ந்தார். ஆறு வாரத்தில், ஜூலை 16 அன்று, நான்கு அமைச்சர்கள் ஒரே நாளில் விலக, அவரும் விலகுவதாக அறிவித்தார். அதற்கும் முன்னால், 2000 பிப்ரவரி 9, அதுவும் ஒரு புதன்: நம்பிக்கையில்லாத் தீர்மானம் வாக்கெடுப்புக்குப் போகும் முன்பே அப்போது வேல்ஸ் அரசாங்கத்தின் தலைவராக இருந்த ஆலன் மைக்கேல் விலகல் கடிதத்தைக் கொடுத்தார். தொழிற்கட்சியின் லண்டன் தலைமை தன் ஆளைத் திணித்துவிட்டது என்ற கசப்பு ஊரில் முதல் நாளிலிருந்தே இருந்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இந்த அவை பிறந்ததே நூலிழையில்தான். 1979 பொதுவாக்கெடுப்பில் ஐந்தில் நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். 1997 செப்டம்பர் 18 அன்று மறுபடி கேட்டபோது, இரவு முழுக்க எண்ணி, கடைசியாக வந்த கார்மார்தன்ஷயர் முடிவில்தான் வேண்டும் என்பவர்கள் முந்தினார்கள். வித்தியாசம் 6,721 வாக்கு. அதனால் முதல் சில ஆண்டுகளில் ஒவ்வொரு விவாதத்திலும் "நாம் இங்கே இருக்கலாமா" என்ற கூச்சம் தெரிந்தது. சட்டம் இயற்றும் முழு அதிகாரம் பற்றி 2011இல் கேட்டபோது 63.5 விழுக்காட்டினர் சரி என்றார்கள். 2020 மே மாதம் 'பேரவை' என்ற பழைய பெயரை விட்டு 'நாடாளுமன்றம்' ஆனது. முதலமைச்சரைக் குறிக்கும் வேல்ஷ் சொல்லும் லண்டனில் உள்ள பிரதமரைக் குறிக்கும் சொல்லும் ஒன்றே என்பதை வேல்ஷ் பேசுபவர்கள் ஒரு குறும்புச் சிரிப்போடு சொல்வார்கள்.

வாக்கெடுப்பு முடிந்ததும் பெரும்பாலோர் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் புதன்கிழமை இன்னும் முடியவில்லை. கடைசி அரைமணி 'குறு விவாதம்'. ஒரே ஒரு உறுப்பினர் தனக்குப் பிடித்த ஒரு பொருளில் கால்மணி நேரம் பேசலாம். தன் நேரத்தில் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் நண்பர்களுக்குக் கிள்ளிக் கொடுக்கலாம். அமைச்சர் கால்மணியில் பதில் சொல்வார். வாக்கெடுப்பு இல்லை. நான் பார்த்த ஒன்றில் கீழே ஆறேழு பேர், மேலே நானும் ஒரு கல்லூரி மாணவியும். அரிய நோய் ஒன்றுக்கு வேல்ஸில் சிறப்பு மருத்துவர் இல்லாததால் இங்கிலாந்தில் இருக்கும் பிரிஸ்டலுக்கு அலையும் குடும்பங்களைப் பற்றிப் பேசினார் உறுப்பினர். மதியம் கேள்வி நேரத்தில் அந்த அமைச்சரிடம் இருந்த கூர்மையெல்லாம் அப்போது இல்லை. கூச்சல் இல்லாததால் அவரும் தற்காப்பை விட்டுவிட்டு, இங்கே என்ன சிக்கல், எல்லை தாண்டினால் யார் பணம் கட்டுகிறார்கள், எது தன்னால் முடியும் எது முடியாது என்று சாதாரணமாகப் பேசினார். ஒன்றரை மணியிலிருந்து அப்போதுவரை கேட்டதில் அதுதான் நேரான பதில்.

அடுத்த முறை பார்ப்பதாக இருந்தால் அன்றைய கேள்வித்தாளை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "என்ன பேச்சு நடத்தினார்" என்று வரும் இடங்களைப் பென்சிலால் சுழித்து வையுங்கள். அவையெல்லாம் லண்டனின் வாசலில் நிற்கும் கேள்விகள். மற்றவற்றில் அமைச்சர் லண்டன் பெயரை எடுத்தால், அங்கேதான் அவர் நழுவுகிறார்.